போதை ஊசி போடுபவர்களுக்கு அரசே புது ஊசி தருவது ஏன்? யாருடைய பணம் இது? தாம்பரம் வரை வந்திருக்கும் கேள்வி - முழு விளக்கம்

'வலி நிவாரண மாத்திரைகளை போதைக்காக விற்ற இளைஞர்கள் கைது. மாத்திரைகள், ஊசிகள், சிரிஞ்சுகள் பறிமுதல்.' சென்னையிலும் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் பக்கங்களிலும் இப்படி ஒரு போலீஸ் செய்தி வராத மாதமே இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டோம். செய்தியைப் படிக்கும்போது எத்தனை பேர் கைது, எத்தனை மாத்திரை என்பதுதான் கண்ணில் படும். அந்த சிரிஞ்சை எத்தனை பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பொது சுகாதாரத் துறையைப் பொறுத்தவரை முதல் கேள்வியே அதுதான். அதற்காகவே மத்திய அரசின் பணத்தில் ஒரு திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. போதைப்பொருளை ஊசி மூலம் எடுத்துக்கொள்பவர்களுக்குப் புது ஊசி தருவார்கள். மாற்று மருந்தும் தருவார்கள். இரண்டும் இலவசம். கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். 'நம்ம வரிப்பணத்துல போதை ஊசியா?' என்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தீங்கு குறைப்பு என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'ஹார்ம் ரிடக்‌ஷன்' என்பார்கள். போதைப் பழக்கத்தை ஒருவர் இன்றே விட்டுவிட்டால் நல்லது. ஆனால் இன்று விட முடியாதவர் என்ன செய்வார்? அவர் நாளை விடலாம், அடுத்த வருடம் விடலாம். அதுவரை அவர் உயிரோடு இருக்க வேண்டும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி போன்ற நோய்கள் அவருக்கு வரக் கூடாது, அவரிடமிருந்து மனைவிக்கோ குழந்தைக்கோ போகக் கூடாது. இந்த இடைப்பட்ட காலத்தில் வரும் சேதத்தைக் குறைக்கும் வேலைக்குத்தான் தீங்கு குறைப்பு என்று பெயர்.

ஹெல்மெட்டை யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓட்டாதே என்று சொல்வது ஒரு வேலை. விழுந்தாலும் மண்டை உடையாமல் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இந்தியாவில் இதற்கு இரண்டு முக்கியத் தூண்கள் உண்டு.

முதலாவது, ஊசி மாற்றுத் திட்டம். பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தருவார்கள். பழைய ஊசி குப்பையிலோ ரயில்வே தண்டவாளத்திலோ கிடக்காமல் முறையாக அழிக்கப்படும். துப்புரவுப் பணியாளர் கையில் குத்தாமல் இருப்பதும் இதில் கிடைக்கும் ஒரு பலன்.

இரண்டாவது, ஓபியாய்டு மாற்று சிகிச்சை. சுருக்கமாக ஓ.எஸ்.டி. ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர் திடீரென நிறுத்தினால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிற்றுப்போக்கு வரும், தூக்கம் போகும். அந்த வேதனை தாங்காமல்தான் பெரும்பாலும் மறுபடி ஊசியைத் தேடிப் போகிறார்கள். புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை அந்த வேதனையை அடக்கும். மையத்துக்கு வருபவருக்கு நர்ஸ் முன்னிலையில் நாக்குக்கு அடியில் வைக்கப்படும். கரையும் வரை கூடவே இருந்து பார்ப்பார்கள். ஊசி தேவைப்படாது. காலையில் மாத்திரை, பிறகு வேலைக்குப் போகலாம். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.எஸ்.டி. என்பது ஓபியாய்டு வகைக்கு மட்டும்தான். கஞ்சாவுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் இது மருந்தல்ல. அவற்றுக்கு சிகிச்சை வேறு.

தாம்பரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு அந்த மருத்துவமனை தெரியும். 1928-ல் டாக்டர் டேவிட் சவரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் அது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

எச்.ஐ.வி. என்றாலே தொட பயந்த 1990-களில், நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட இடங்களில் இது முக்கியமானது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால் இரண்டு சிகிச்சையும் ஒரே வளாகத்தில் தேவைப்பட்டது. 2004 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, நாட்டின் முதல் 8 மையங்களில் தாம்பரமும் ஒன்று. பல மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலத்திலிருந்தும் ஆட்கள் இங்கே வந்து படுத்தார்கள். தாமதமாக விழித்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாட்டில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் சென்னையில்தான், 1986-ல். அந்த ஆய்வுக்கு வழிகாட்டிய டாக்டர் சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். தென்சென்னையில் தரமணியிலிருந்து இயங்கிய இந்த மையம், ஊசி மூலம் போதை எடுப்பவர்கள் பற்றி 2005-க்குப் பிறகு சென்னையில் பெரிய ஆய்வுகளை நடத்தியது. அப்போது பரிசோதிக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளம் இருந்தது.

அதற்கும் முன்பே, 1990-களில், மனநல மருத்துவர் எம்.சுரேஷ்குமாரும் சகாய் அறக்கட்டளையினரும் சென்னைத் தெருக்களில் நேரடியாக இறங்கி வேலை பார்த்தார்கள். பிரவுன் சுகரைப் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசிக்கு மாறுவதை அவர்கள் அப்போதே பதிவு செய்தார்கள். அந்த நாள்களில் ஊசியில் ஏறியது பெரும்பாலும் மருந்துக் கடைகளில் கிடைத்த புப்ரெனார்ஃபின் ஊசி மருந்து. இன்று சிகிச்சைக்குத் தரப்படும் அதே மருந்து! ஒரே மருந்து ஊசியில் ஏறினால் நோய், கண்காணிப்பில் நாக்கின் அடியில் கரைந்தால் சிகிச்சை. எதை எடுக்கிறார்கள் என்பதைவிட எப்படி எடுக்கிறார்கள் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

'ஊசி குடுத்தா போதைய வளக்குற மாதிரி ஆகாதா?'

இந்தச் சந்தேகம் உலகம் முழுக்க எழுந்தது. சில ஊர்கள் அதற்குப் பெரிய விலை கொடுத்தன.

1980-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் போதை ஊசியைத் தடுக்க சிரிஞ்ச் கிடைப்பதையே கடினமாக்கினார்கள். போதை நிற்கவில்லை. இருக்கும் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தார்கள். 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், அங்கே ஒரு பொது மருத்துவரின் கிளினிக்குக்கு வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஊசி போடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது.

நம் நாட்டில் மணிப்பூர். 1990-களில் அங்கு ஊசி மூலம் போதை எடுத்தவர்களில் பாதிக்கு மேல் எச்.ஐ.வி. பாதிப்புக்கு ஆளானார்கள். 1996-ல் தீங்கு குறைப்பை ஏற்றுக்கொண்ட எய்ட்ஸ் கொள்கையை அந்த மாநிலம் கொண்டுவந்தது. ஊசி மாற்றுத் திட்டமும் மாற்று சிகிச்சையும் பரவிய பிறகு அங்கே தொற்று விகிதம் இறங்கியது.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கிறது. ஸ்காட் கவுண்டி என்ற சின்னப் பகுதி. அங்கே ஊசியில் ஏறியது ஹெராயின்கூட இல்லை, ஆக்ஸிமார்ஃபோன் என்ற வலி நிவாரண மாத்திரை. 2015 ஜனவரியில் 11 பேருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 181 பேர். அவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது. ஊசி மாற்றுத் திட்டத்துக்கு அதுவரை எதிராக இருந்த ஆளுநர் மைக் பென்ஸ், அவசரநிலை அறிவித்து அதற்கு அனுமதி கொடுத்தார். புதுத் தொற்று சரிந்தது. ஆனால் 2021-ல், 'ஊசி கொடுப்பது தப்பு' என்ற வாதம் மறுபடி எழுந்து, திட்டத்தை மூட கவுண்டி நிர்வாகமே வாக்களித்தது. ஒரு திட்டம் வெற்றி பெற்றால் அதன் தேவையே மறந்துபோகும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

இதில் தாம்பரத்துக்கு என்ன பாடம்? பெரிய நகரம் வேண்டாம், ஹெராயின் வேண்டாம். மாத்திரையும் ஒரு பகிர்ந்த சிரிஞ்சும் போதும். அது பரவும் வேகம் மாதக்கணக்குதான்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது. இதில்தான் பலருக்குக் குழப்பம்.

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றம் என்கிறது. ஹெராயின், கோகெய்ன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை, மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். அப்படியென்றால் ஊசி கொடுப்பவர் குற்றத்துக்குத் துணை போகிறாரா?

இதற்கு 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் நேரடியாகப் பதில் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் இது அமலில் இருக்கிறது. அதன் 22-வது பிரிவின்படி, மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு எச்.ஐ.வி. பரவும் ஆபத்தைக் குறைக்கச் செய்யும் எந்தச் செயலும் குற்றமாகாது. பதிவு பெற்ற திட்டத்தில் சுத்தமான ஊசி கொடுப்பவரும் சரி, வாங்குபவரும் சரி, இருவர் மீதும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டமே உதாரணத்தோடு எழுதி வைத்திருக்கிறது. மாற்று சிகிச்சைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆனால் யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று ஊசி விநியோகிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அரசு வழிகாட்டுதலின்படி நடக்கும் திட்டத்துக்கு மட்டும்தான் இந்தக் கவசம்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இன்னொரு கதவும் இருக்கிறது. 64-ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், உட்கொண்ட குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியிருந்தால், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு ரத்தாகலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது.

பணம் யாருடையது?

இரண்டு மத்திய அமைச்சகங்கள், இரண்டு பைகள். இதைப் புரிந்துகொண்டால் பாதி சிக்கல் புரிந்த மாதிரி.

முதல் பை, சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான 'நாக்கோ'. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலானது. ஒதுக்கீடு 15,471.94 கோடி ரூபாய். முழுக்க மத்திய அரசின் நிதி. ஏ.ஆர்.டி. மருந்து, பரிசோதனை, விழிப்புணர்வு எல்லாமே இதற்குள் வரும். ஊசி மாற்றும் ஓ.எஸ்.டி.-யும் அதில் ஒரு பகுதி.

இந்தப் பணம் நாக்கோவிலிருந்து தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கத்துக்கு வருகிறது. 1994-ல் தமிழ்நாடு உருவாக்கிய இந்தச் சங்க அமைப்பைத்தான் பிறகு மற்ற மாநிலங்களும் பின்பற்றின. சங்கம் தொண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடுகிறது. நிறுவனம் களப்பணியாளர்களை நியமிக்கிறது. கடைசிக் கண்ணி 'பியர் எஜுகேட்டர்', அதாவது இந்தப் பழக்கத்தை நேரில் அறிந்த, அதே வட்டத்தைச் சேர்ந்த ஒருவர். ஏறக்குறைய 40 பேருக்கு ஒரு பியர் எஜுகேட்டர் என்பது கணக்கு. ஊசி கொடுப்பதும் பழையதை வாங்குவதும், 'வாப்பா, நம்பிக்கை மையத்துல ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துடலாம்' என்று கூட்டிக்கொண்டு போவதும் அவர்தான்.

இரண்டாவது பை, சமூக நீதி அமைச்சகம். போதை மறுவாழ்வு மையங்களுக்கு மானியம், 14446 உதவி எண், 2020 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய 'போதையில்லா இந்தியா' இயக்கம் எல்லாம் இந்தக் கணக்கு. இங்கே முக்கிய நோக்கம் போதையை முழுமையாக விட வைப்பது.

மாநில அரசும் தன் பங்குக்கு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. ஹெபடைடிஸ் சி-க்கு 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

செலவுக் கணக்கும் எளிமையானது. ஒரு சிரிஞ்ச் சில ரூபாய். ஒருவருக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டால் ஏ.ஆர்.டி. மருந்து வாழ்நாள் முழுக்க. அதையும் இதே அரசுதான் தர வேண்டும். அதனால் 'வரிப்பணம் வீணாகுதே' என்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் எங்கே ஓட்டை?

முதல் ஓட்டை, எண்ணிக்கை. டெல்லி எய்ம்ஸ் மூலம் சமூக நீதி அமைச்சகம் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வு, நாட்டில் ஊசி மூலம் போதை எடுப்பவர்கள் சுமார் 8.5 லட்சம் என்றது. நாக்கோவின் பிந்தைய மதிப்பீடு சுமார் 2.9 லட்சம். கணக்கிடும் முறை வேறு, நோக்கம் வேறு என்பது உண்மை. ஆனால் நிதியும் ஆள்பலமும் எந்த எண்ணை வைத்து ஒதுக்கப்படுகிறதோ, அதற்கு வெளியே இருப்பவர் கண்ணில் படவே மாட்டார்.

இரண்டாவது, ஆட்கள் மாறிவிட்டார்கள். திட்டம் வடிவமைக்கப்பட்டபோது மனதில் இருந்தவர், குறிப்பிட்ட தெருமுனையிலும் பாலத்தடியிலும் கூடும் ஹெராயின் பழக்கக்காரர். களப்பணியாளருக்கு அந்த இடம் தெரியும். இன்று செய்திகளில் வருபவர்கள் டேபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரையைப் பயன்படுத்தும் இளைஞர்கள். கூடும் இடம் நண்பனின் அறை, தொடர்பு செல்போன். 'நான் ஹெராயினா எடுக்குறேன்? இது மெடிக்கல்ல கிடைக்குற மாத்திரைதானே' என்று நினைப்பவர், எய்ட்ஸ் திட்டம் தனக்கானது என்று எப்படி நினைப்பார்? டேபென்டடாலும் ஓபியாய்டு வகைதான். மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்தால் அதற்கும் சிகிச்சை வழி உண்டு. இது அவருக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

மூன்றாவது, புறநகரின் அமைப்பு. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரி 1 முதல் தனி போலீஸ் கமிஷனரேட். கைது நடவடிக்கைக்கு ஒரே குடை வந்துவிட்டது. ஆனால் சுகாதார நிர்வாகத்தில் தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், சில நிறுத்தம் தள்ளி சென்னை மாவட்டம். பல்லாவரத்தில் தங்கி, கிண்டியில் வேலை பார்த்து, கூடுவாஞ்சேரியில் நண்பனைச் சந்திக்கும் ஒருவர் எந்தக் களப்பணியாளரின் பட்டியலில் வருவார்?

நான்காவது, தினமும் வர வேண்டும் என்ற நிபந்தனை. மாத்திரை வெளியே விற்கப்படக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது, காரணம் புரிகிறது. ஆனால் காலை ஷிஃப்ட்டுக்கு ஓடும் தொழிலாளிக்கும் தினக்கூலிக்கும் இது பெரிய தடை. கொரோனா ஊரடங்கின்போது சில நாள்களுக்கான மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப நாக்கோ அனுமதித்தது. அவசரத்தில் சாத்தியமானதை, நிலையாக இருப்பவர்களுக்கு எந்த அளவு தொடரலாம் என்பதே நிபுணர்கள் பேசும் விஷயம்.

ஐந்தாவது, பயம். போலீஸ் பறிமுதல் பட்டியலில் சிரிஞ்ச் ஒரு 'ஆதாரமாக' வரும்போது, சுத்தமான சிரிஞ்சைப் பையில் வைத்திருக்கவே பயப்படுவார்கள். பயந்தால் பகிர்வார்கள். விற்பவரைப் பிடிப்பது போலீஸ் வேலை, அதில் சமரசம் வேண்டாம். ஆனால் பயன்படுத்துபவர் மருத்துவமனைக்கு வரும் பாதை அடைபடாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு இந்தப் பிரச்னை என்றால்?

திடீரென நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டி வைக்காதீர்கள். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி பழைய அளவையே எடுக்கும்போதுதான் உயிரிழப்பு ஆபத்து அதிகம். உடம்பு அந்த அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும்.

மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்பினாலும் எழவில்லை என்றால் உடனே 108. என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓபியாய்டு அளவு மீறலை முறிக்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. தகவல் தெரிந்தால்தான் மருத்துவர் சரியாக நடவடிக்கை எடுக்க முடியும்.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. எச்.ஐ.வி. தொடர்பான சந்தேகங்களுக்கு 1097. மனநல ஆலோசனைக்கு 14416. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்வதை 2017-ம் ஆண்டு சட்டமே தடை செய்கிறது.

ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி.-யோடு ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் கேளுங்கள். ஹெபடைடிஸ் சி பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாது.

இப்போது என்ன நடக்க வேண்டும்?

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, இருக்கிறது. மருந்து இருக்கிறது. தாம்பரத்தில் எச்.ஐ.வி.-யோடு பல ஆண்டுகள் போராடிய மருத்துவமனையும் இருக்கிறது. ஐந்தாம் கட்டத்தின் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால், அதற்கு அடுத்த கட்டத்தில் மாத்திரை ஊசிக்காரர்களை எப்படிக் கணக்கெடுப்பது, புறநகர் ரயில் பாதையை ஒட்டி சேவையை எப்படிக் கொண்டுபோவது என்பவைதான் பதில் வேண்டிய கேள்விகள்.

தாம்பரம் சானடோரியத்துக்கு 1990-களில் நோயாளிகள் வந்து சேர்ந்தபோது, தொற்று ஏற்பட்டுப் பல வருடங்கள் ஓடியிருந்தன. இந்த முறை நோயாளி வருவதற்கு முன்பே சிரிஞ்ச் செய்தியில் வந்துவிட்டது. அடுத்த முறை 'ஊசிகள் பறிமுதல்' என்று படித்தால், அந்த இளைஞர்களுக்கு யாராவது பரிசோதனை செய்தார்களா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.